டெல்டா கொல்லையில் மிளகாய்: முதல்முறை வைப்பவர்களுக்கு

டெல்டாவில் மிளகாய்ச் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் நின்று சாவதுதான் அதிகம். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் கொல்லை மண் நெல்லுக்குப் பழகிய களிமண், தண்ணீரைப் பிடித்தால் லேசில் விடாது. நெல்லுக்கு அது வரம். மிளகாய் வேர் மேலாக ஓடுகிற வேர், அதற்குக் காற்று வேண்டும், இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் இலை தொங்கிவிடும், அப்புறம் அதைத் தூக்கி நிறுத்துவது கஷ்டம். அதனால் கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டம் போடுபவர்கள் சொல்கிற குறிப்பை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் பாதிதான் சரிப்படும். கீழே எழுதியிருப்பது நம் மண்ணுக்கும் ஐப்பசி மழைக்கும் பொருத்தி எழுதியது.

எத்தனை செடி வைக்கலாம் என்று கேட்டால், நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆறு செடி நன்றாக நின்றால் போதும். முதல்முறையே முப்பது செடி வைப்பவர்கள் மூன்றாம் மாதம் எதையும் கவனிக்க முடியாமல் விட்டுவிடுவார்கள். ஆறு வைக்க வேண்டுமென்றால் பத்து நாற்று வளர்த்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

எந்தப் பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சரிதான், ஆனால் மிளகாய்க்கு டெல்டாவில் அதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். ஆடி நடுவில் விதைத்தால் நாற்று நாற்பது நாள் ஆகி ஆவணியில் நடுவீர்கள், புரட்டாசிக் கடைசியில் பூக்கும், பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிடும். பூ கொட்டும், காய் அழுகும், வேர் மூச்சுத் திணறும். வீட்டுத் தோட்டத்துக்குப் புதிதாக வருபவருக்கு இதைவிட மனம் வெறுக்கிற தொடக்கம் வேறு இல்லை.

என் கணக்கில் முதல்முறை செய்பவருக்குத் தைப்பட்டம்தான். மார்கழியில் விதைத்து, தைக் கடைசியில் நட்டு, பங்குனியில் பூவைப் பார்த்து, சித்திரையில் பறிக்கலாம். மழை ஓய்ந்திருக்கும், மண் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், வெயிலும் மெல்ல ஏறும். இதில் ஒரே சிக்கல் கத்திரி வெயில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்க ஆரம்பித்தால் பூ உதிரும், அதற்குள் முதல் இரண்டு பறிப்பை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள், அதனால் தைப்பட்டத்தில் வாய்க்கால் தண்ணீரை நம்ப முடியாது. கைப்பம்போ போரோ கிணறோ இருக்க வேண்டும். ஆறு செடிக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இரண்டாவது வாய்ப்பு ஆனி. ஆனி பிறந்ததும் விதைத்துவிட்டால் பதினெட்டாம் பெருக்கு வாக்கில் நடலாம், புரட்டாசி முடிவதற்குள் ஒன்றிரண்டு பறிப்பு கிடைக்கும், அதன்பிறகு மழையில் செடியைக் காப்பாற்றுவது உங்கள் பாத்தியின் உயரத்தைப் பொறுத்தது. ஒரு பட்டம் கையில் பழகியபிறகு இதைச் செய்யுங்கள்.

எந்த மிளகாய்

சாதாரணச் சமையலுக்குப் பச்சை மிளகாய் வேண்டுமென்றால் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 1, கே 2, பெரியகுளத்தின் பி.கே.எம். 1, பாலூரின் பி.எல்.ஆர். 1 போன்ற ரகங்கள் இருக்கின்றன. இவை ரகங்கள், அதாவது நீங்கள் விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போடலாம். கடையில் பளபளவென்று பாக்கெட்டில் வரும் வீரிய ஒட்டு விதை காய் நிறையக் கொடுக்கும், ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ராமநாதபுரம் முண்டு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், வானம் பார்த்த பூமிக்குப் பழகியது. அதை இங்கே வைக்க ஆசைப்பட்டால் தைப்பட்டத்தில் மட்டும், அதுவும் நல்ல மேட்டில்.

தஞ்சாவூர் குடமிளகாய் வைக்காமல் டெல்டாவில் மிளகாய்த் தோட்டம் போட்டேன் என்று சொல்லாதீர்கள். ஃபிரைட் ரைஸில் போடுகிற பெரிய குடைமிளகாயைச் சொல்லவில்லை, உருண்டையாகச் சின்னதாக இருக்குமே, மோர் மிளகாய் போடுகிற அதைச் சொல்கிறேன். கும்பகோணம், தஞ்சாவூர்ச் சந்தைகளில் பருவத்தில் குவித்து விற்பார்கள். விதைக்கு வேண்டுமென்றால் பழுத்துச் சிவந்ததாகத் தேடி நாலைந்து காய் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைப்பு வேண்டும் என்பவர்களுக்குக் காந்தாரி. சின்னதாக வானத்தைப் பார்த்துக் காய்க்கும், நட்டால் இரண்டு மூன்று வருஷம் நிற்கும், தென்னை நிழல் விட்டுவிட்டு விழுகிற இடத்தில்கூட வளரும். கேரளத்து மழையிலேயே நிற்கிற செடி என்பதால் வடிகால் மட்டும் இருந்தால் நம் மழையையும் தாங்கும். புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். அசாம், நாகாலாந்துப் பக்கத்துப் பூத் ஜோலோகியாவையும் சிலர் ஆசைப்பட்டு வரவழைக்கிறார்கள். 2007-இல் உலகிலேயே உறைப்பான மிளகாய் என்று கின்னஸில் ஏறிய மிளகாய் அது. முளைக்கவே மூன்று நாலு வாரம் எடுத்துக்கொள்ளும், நம் சித்திரை வெயிலில் பூவைக் கொட்டும், பாதி நிழல் கேட்கும். வைக்கலாம், ஆனால் முதல் செடியாக வேண்டாம். மேலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்கக் கூடாது.

இடமும் மண்ணும்

ஆறு மணி நேரம் வெயில் விழுகிற இடம், முடிந்தால் காலை வெயில் முழுக்கவும் மூன்று மணிக்குமேல் கொஞ்சம் நிழலும் இருக்கிற இடம். வாழைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாழைக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் மிளகாயைக் கொல்லும். அடுப்படித் தண்ணீர் வந்து விழுகிற இடமும் வேண்டாம். சோப்பும் உப்பும் சேர்ந்து வரும். போன பட்டத்தில் கத்தரியோ தக்காளியோ நின்று திடீரென்று வாடிச் செத்த இடம் என்றால் அங்கே கிட்டப் போகாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், மண்ணில் இருக்கிற வாடல் நோய்க் கிருமி இதையும் பிடித்துக்கொள்ளும்.

கொள்ளிடக் கரையிலோ காவிரிக் கரையிலோ படுகை மண் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வண்டலும் மணலும் கலந்த அந்த மண்ணில் தொழுவுரம் போட்டாலே போதும். மற்றவர்கள் மேட்டுப்பாத்தி போட வேண்டும். மூன்று அடி அகலம், ஓரடி உயரம், நீளம் உங்கள் விருப்பம். ஓரடி என்பது கண் அளவில் ஓரடி இல்லை, மண் அமுங்கியபிறகு ஓரடி, ஆகவே போடும்போது ஒன்றரை அடிக்குக் குவியுங்கள். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கொல்லையில் தண்ணீர் தானாக ஓடுகிற பள்ளத்துப் பக்கம் அதைத் திறந்துவிடுங்கள். பள்ளம் எது என்று தெரியாவிட்டால் ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் போய் நின்று பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

களிமண்ணை இளக்குவதற்கு ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். அரிசி ஆலை இல்லாத ஊர் இங்கே குறைவு, உமி மலிவாகக் கிடைக்கும். கறுப்பாகக் கருகிய உமி நல்லது, மண்ணைப் பொலபொலப்பாக்கும். வெள்ளையாக வெந்த சாம்பலை அள்ளிப் போடாதீர்கள், அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், ஏற்கெனவே காரமான மண் என்றால் இரும்புச் சத்தும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். நான் சொல்கிற கலவை: கொல்லை மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவும் கருக்கிய உமியும் சேர்த்து ஒரு பங்கு. நார்க் கழிவைத் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று முறை பிழிந்து அலசியபிறகு போடுங்கள், அதில் உப்பு இருக்கும். ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள், சூடு பிடித்து வேரைச் சுடும், கரையானையும் கூப்பிடும்.

வேதாரண்யம், தலைஞாயிறு, நாகை, தரங்கம்பாடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிளகாய் உப்பைத் தாங்குகிற பயிர் இல்லை. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்லது போர்த் தண்ணீர் வாயில் வைத்ததும் கரித்தால், தரையில் வைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டுப் பையில் வையுங்கள், மண்ணையும் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஜிப்சம் போடலாமா என்பதை அந்த முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், யாரோ சொன்னார்கள் என்று கொட்டக் கூடாது. மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் நாற்றுப் பருவத்துக்காவது உதவும்.

மாடியில் வைப்பவர்கள் பதினைந்து அங்குலப் பை வாங்குங்கள், பன்னிரண்டு அங்குலம் காந்தாரிக்குச் சின்னது. பழைய பெயிண்ட் வாளி, அரிசிச் சாக்கு, எதுவும் ஆகும். ஓட்டை அடியில் மட்டும் போட்டால் தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் கீழிருந்து ஓர் அங்குலம் மேலே நாலு ஓட்டை போட்டு, பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மாடித் தளத்துக்கும் அதுதான் நல்லது.

விதையும் நாற்றும்

கடை வற்றலை உடைத்து விதை போட்டால் முளைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். முளைக்கும், பாதி முளைக்காது. சுடுகிற களத்தில் காய்ந்தது, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்ததோ தெரியாது, ஒட்டு ரகமா என்பதும் தெரியாது. செடியிலேயே பழுத்த பழத்திலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திய விதை என்றால் நம்பிப் போடலாம்.

முதல் நாள் ராத்திரி விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். சூடோமோனாஸ் பொடி, அதாவது நோய்க் கிருமியை அடக்குகிற நல்ல பாக்டீரியா கலந்த பொடி, கிடைத்தால் ஒரு சிட்டிகை கலந்துகொள்ளுங்கள். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள், உரக்கடைகளிலும் விற்கிறார்கள். காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும், அது உயிருள்ள சரக்கு.

குழித்தட்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கொட்டாங்குச்சியில் அடிக்கண்ணைக் குத்திவிட்டு அலசிய நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள். விதையை அரை சென்டிமீட்டருக்குமேல் புதைக்காதீர்கள். பூவாளியால் மெதுவாகத் தெளித்து, மேலே வைக்கோலைப் பரப்பி, தினம் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளுத்து நீளும். ஆடியில் ஏழெட்டு நாளில் முளைக்கும், மார்கழிக் குளிரில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், பதற வேண்டாம். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். தட்டைச் செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

முளைத்த நாற்று கழுத்தில் மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் அநேகமாக உங்கள் கையில் இருக்கிற தண்ணீர்ச் செம்புதான். மேல் மண் லேசாகக் காய்ந்தபிறகு, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். நாற்றின் மேல் பழைய நைலான் கொசுவலையைக் கூடாரம் மாதிரி கட்டிவிடுங்கள். பின்னால் இலை சுருளுகிற வியாதியில் பாதி, இந்த நாற்பது நாளில் வெள்ளை ஈயும் அசுவினியும் கொண்டுவந்து விடுவதுதான்.

நடவு

ஆறேழு இலை, ஒரு சாண் உயரம், பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிய தண்டு என்று வந்ததும் நடலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே வலையை எடுத்து வெயிலில் பழக்குங்கள், தண்ணீரையும் குறையுங்கள். சாயங்காலம் நடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. நட்டபோது மொட்டையாகத் தெரியும், இரண்டு மாதத்தில் அந்த இடைவெளி பத்தாது என்று தோன்றும். தக்காளியைப் போலத் தண்டை ஆழமாகப் புதைக்காதீர்கள், நம் களிமண்ணில் புதைந்த தண்டு அழுகும். தட்டில் எந்த அளவுக்கு மண் இருந்ததோ அதே அளவு. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டபோதே ஊன்றிவிடுங்கள், பின்னால் ஊன்றினால் வேர் அறுபடும்.

தண்ணீர்

விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம், அவ்வளவுதான் விதி. தினமும் ஒரு குடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஊற்றுகிறவர்கள் செடிதான் சீக்கிரம் போகிறது. பாத்தியில் மாசியில் மூன்று நாளைக்கு ஒருமுறை போதும், சித்திரையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகலாம், மாடிப் பைக்கு அப்போது தினமும் வேண்டும், கத்திரியில் சில நாள் இரண்டு வேளையும்.

மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்தவுடன் ஓடிப்போய் ஊற்றாதீர்கள். வெயில் சாய்ந்ததும் இலை நிமிர்ந்துவிட்டால் அது வெயிலுக்குத் தொங்கியது. மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டிருந்து மண் காய்ந்திருந்தால் தாகம். காலையிலும் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால்தான் விஷயம்: வேர் அழுகுகிறது, அல்லது வாடல் நோய். இதில்தான் புதியவர்கள் இன்னும் தண்ணீர் ஊற்றிச் செடியை முடித்துவிடுகிறார்கள். எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கிற செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி ஆடாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல், மருந்து இல்லை, செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் கீரையோ வெண்டையோ போடுங்கள். ஒன்றும் இறங்காவிட்டால் தண்ணீர் அதிகமாகியோ பூஞ்சாணத்தாலோ வேர் போயிருக்கும். அப்போது மற்றச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தி, வாய்க்காலை ஆழப்படுத்தி, மேல் மண்ணைக் கிளறிவிடுங்கள்.

வைக்கோல் மூடாக்கு சித்திரைக்கு அருமையான விஷயம், இரண்டு அங்குலம் பரப்பலாம், தண்டை ஒட்டி ஒரு கை அகலம் விட்டு. கரையான் இருக்கிற கொல்லையென்றால் யோசித்துச் செய்யுங்கள். மழை மாதத்தில் மூடாக்கை எடுத்துவிட வேண்டும்.

காய் பிடித்தபிறகு லேசாக வாடவிட்டு வாடவிட்டுத் தண்ணீர் விட்டால் உறைப்பு ஏறும் என்பது உண்மைதான். அளவோடு செய்யுங்கள், ரொம்ப வாடினால் பூ கொட்டும். அப்புறம், உறைப்பு விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில் இருக்கிறது. நறுக்கியபிறகு கை எரிந்தால் தண்ணீர் உதவாது, நல்லெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள்.

உரம்

நட்டு இருபது நாளிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, தண்டை விட்டுத் தள்ளி ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டித் தெளிக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மீன் கழிவு சும்மாவே கிடைக்கும், அதில் எடைக்கு எடை வெல்லம் போட்டு, காற்றுப் புகாமல் மூடி நாற்பது நாள் வைத்தால் மீன் அமிலம், லிட்டருக்கு 5 மில்லி போதும். பச்சை மீன் கழிவுதான் வேண்டும், கருவாட்டுக் கழிவில் உப்பு. பூக்க ஆரம்பித்ததும் புண்ணாக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமானால் செடி கரும்பச்சையாகப் புதர் மாதிரி நிற்கும், பூ இருக்காது, அசுவினி மட்டும் மொய்க்கும். நெல்லுக்கு வாங்கிய யூரியா வீட்டில் இருக்கிறதே என்று ஒரு பிடி போடுகிற பழக்கம் இங்கே நிறைய, ஒரு பிடி ஒரு செடிக்கு ரொம்ப அதிகம்.

பூ கொட்டினால் மோரில் பெருங்காயம் கலந்து தெளிக்கச் சொல்வார்கள். செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சித்திரையில் கொட்டுகிற பூ வெயிலுக்குக் கொட்டுகிறது, அதற்கு மோர் என்ன செய்யும்? பச்சை நிழல்வலையைப் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைக்கும் மேலே இழுத்துவிட்டால் அதில் பாதி நிற்கும்.

இலை சுருண்டால்

எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான். இலை சுருண்டால் உடனே மருந்து என்று ஓடாமல், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி நின்றால் இலைப்பேன், அதாவது திரிப்ஸ். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால் நூல் துண்டு போலச் சின்னப் பூச்சிகள் தாளில் ஓடும். விளிம்பு கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு, குருத்து எலிவால் போலக் குறுகினால் மஞ்சள் சிலந்தி. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. இரண்டும் இல்லாமல் செடியே குட்டையாகி, இலை சின்னதாக, தடித்து, நரம்பு புடைத்து, கொத்துக் கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். வைரஸுக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கி எறிந்துவிடுங்கள், ஒரு காய் இருக்கிறதே என்று விட்டுவைத்தால் மிச்சம் ஐந்து செடிக்கும் பரவும்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். ஐம்பது கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கொட்டை கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் சோப்பும் எண்ணெயும் நன்றாகக் கலந்து பால் போல ஆனபிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். நீல ஒட்டும் அட்டை இலைப்பேனுக்கு, மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு. 2021 கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைப் பாழாக்கியது பூவுக்குள் உட்கார்ந்துகொள்ளும் ஒரு கறுப்பு இலைப்பேன், அதனால் பூவையும் உதிர்த்துப் பாருங்கள்.

மஞ்சள் சிலந்திக்கு வேப்பெண்ணெயோடு நிற்காது என்று தோன்றினால் நனையும் கந்தகம் வாங்கிப் பாக்கெட்டில் போட்ட அளவுக்கு அடிக்கலாம். இரண்டு நிபந்தனை: கொளுத்துகிற வெயிலில் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து கொட்டகையில் பாதி பாட்டில் இருக்கும், அதில் ஒரு மூடி ஊற்றி அடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. நெல்லை அறுத்து, அரைத்து, வேகவைத்துச் சாப்பிடுகிறோம். மிளகாயை இன்று பறித்து இன்றே சட்னியில் அரைக்கிறோம்.

காய்ப்புழு ஓட்டை போட்ட காயைப் பறித்து நசுக்கிவிடுங்கள், ஆறு செடிக்கு அதுவே போதும். கிளிக்கும் கொண்டைக்குருவிக்கும் உறைப்பு தெரியாது, பழத்தை முழுங்கிவிட்டுப் போகும். வலை போடலாம், அல்லது காந்தாரியில் கொஞ்சம் அதுகளுக்கு என்று விட்டுவிடலாம்.

மழைக்காலத்தைத் தாண்ட

புரட்டாசி பாதியில் எல்லா வாய்க்காலையும் மறுபடி வெட்டுங்கள், நாலு மாதத்தில் பாதி தூர்ந்திருக்கும். தண்டைச் சுற்றி மண் அணைத்துக் கூம்பாக்குங்கள். கீழ்க் கிளைகளில் மண்ணில் படுகிற இலைகளைக் கிள்ளிவிடுங்கள், மழைத் துளியில் தெறிக்கிற மண்தான் இலைக்கு நோயைக் கொண்டுபோகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் பழுத்தது, முற்றியது எல்லாவற்றையும் பறித்துவிட்டு, உயரமான கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, செடியைக் குச்சியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது தென்னையே நிற்காத ஊரில் மிளகாய் நிற்குமா என்று கேட்டால் நிற்காதுதான், ஆனால் எல்லா வருஷமும் கஜா வராது. பைகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

மழை விட்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற தண்ணீரை அன்றைக்கே வடித்து, மண் மேல் படிந்த ஆடையைக் களைக்கொத்தால் லேசாக உடைத்துவிடுவது. உரம் எதுவும் உடனே போடாதீர்கள், வேர் மூச்சு விட்டபிறகு பார்க்கலாம். பழுத்த காயில் வட்டவட்டமாகக் கறுத்து உள்வாங்கிய புள்ளி வந்தால் பழ அழுகல். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருவதும் அதே பூஞ்சாணம். மார்கழிப் பனியில் இது அதிகம். கருகிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே பச்சையில் வெட்டி, வெட்டியதைக் கொல்லைக்கு வெளியே கொண்டுபோங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

பறிப்பும் மோர் மிளகாயும்

நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பச்சையாகப் பறிக்கலாம். காம்போடு, காயை மேல்நோக்கித் தூக்கி ஒடித்தால் கிளை ஒடியாது. முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாகவே எடுத்துவிடுங்கள், பழுக்கவிட்டால் செடி அடுத்த பூவை நிறுத்திக்கொள்ளும். வற்றலுக்கு வேண்டுமென்றால் மூன்றாவது பறிப்பிலிருந்து செடியிலேயே சிவக்கவிடுங்கள், அதற்கு இன்னும் மூன்று நாலு வாரம் ஆகும்.

குடமிளகாயைக் காம்பு பறிக்காமல் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனியில் கத்தியால் சின்னதாகக் கீறி, கல்லுப்பு போட்ட புளித்த கெட்டி மோரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், கல்சட்டி அல்லது பீங்கான் ஜாடி. மூன்றாம் நாள் காலையில் மிளகாயை எடுத்துத் தட்டில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க வற்றுகிறவரைக்கும் இப்படியே, அப்புறம் கலகலவென்று சத்தம் வருகிறவரைக்கும் வெறும் வெயிலில். மாசி, பங்குனி வெயில் இதற்கு ஏற்றது, மேகம் போட்ட நாளில் ஆரம்பித்தால் பூஞ்சாணம் பிடித்துவிடும். இதற்குச் செடியில் நன்றாகத் திரண்ட பச்சைக்காய் வேண்டும், சிவக்க ஆரம்பித்தது மோர் மிளகாய்க்கு ஆகாது.

விதைக்கு, இலை சுருளாத செடியாகப் பார்த்து, நடுப் பறிப்பில் வருகிற நல்ல காய் இரண்டு மூன்றை மட்டும் பழுக்கவிடுங்கள். இரண்டு ரகம் பக்கத்தில் நின்றால் தேனீ கலந்துவிடும். மொட்டாக இருக்கும்போதே அந்தக் கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் அவிழ்த்துவிட்டு, காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எடுத்த விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் புரட்டி, காகிதப் பையில் தேதி எழுதி வைத்தால் இரண்டு வருஷம் வரைக்கும் முளைக்கும்.

வைகாசியில் காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே வெட்டிவிட்டு, ஒரு கூடை மக்கிய உரம் போட்டு, தண்ணீரை அளவாக விடுங்கள். ஆடிக் காற்றில் துளிர்த்து, ஆவணியில் மறுபடி பூக்கும்.